மீன் வளரும், தொட்டி வளராது

"பிரானா மீன் ஆறு வாங்கியிருக்கிறோம். எவ்வளவு பெரிய தொட்டி வைக்க வேண்டும்?"

மல்லாட்டையில் இலைப்புள்ளி, நெல்லில் குலைநோய், மாட்டுக்கு மடிநோய் என்று கேள்வி வரும் இடத்தில் இது புதுசாகத் தோன்றலாம். ஆனால் திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் இன்று மண் வரப்புக்கு அந்தப்பக்கம் உள்ள மாடி வீட்டிலும், இந்தப்பக்கம் உள்ள ஓட்டு வீட்டிலும் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. சென்னைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் கொளத்தூர் வண்ணமீன் கடைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பாலித்தீன் பையில் மீன் வந்து சேர்ந்த பிறகுதான் தொட்டியைப் பற்றிய யோசனை வருகிறது. அதனால் இது வேளாண் குடும்பங்களின் கேள்விதான். ஒரு ஊரின் ஏரி வரைக்கும் போகிற கேள்வியும்கூட.

தென்னங்கன்று நடும்போது யாரும் கன்றின் உயரத்தைப் பார்த்து இடைவெளி விடுவதில்லை. முழங்கால் உயரக் கன்றுக்கு 25 அடி விட்டுத்தான் குழி எடுக்கிறோம். மரமானால் மட்டை எவ்வளவு விரியும் என்று தெரிந்திருப்பதால் அந்த 25 அடி. மல்லாட்டையை 30-க்கு 10 சென்டிமீட்டரில் விதைப்பதும் அதே கணக்கில்தான். நிலத்தில் இதைத் தவறாமல் செய்கிற குடும்பம், மீன் விஷயத்தில் மட்டும் இரண்டு அங்குலக் குஞ்சைப் பார்த்து இரண்டு அடித் தொட்டி வாங்கிவிடுகிறது.

ஆறு மீனும் ஐம்பது லிட்டரும்

மயிலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு ஊர். இரண்டு ஏக்கரில் நெல்லும் மல்லாட்டையும், வரப்போரம் பத்துப் பதினைந்து தென்னையும் வைத்திருக்கும் குடும்பம். 2024 ஆனி மாதத்தில் கல்லூரியில் படிக்கும் மகன் ஆறு மீன்களோடு வந்து இறங்கினான். வெள்ளி உடம்பு, வயிற்றில் சிவப்பு, பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கடையில் "பிரானா" என்று சொல்லிக் கொடுத்தார்கள். கூடவே இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி.

தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் எண்ணை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். இந்தத் தொட்டிக்கு 2 கன அடி, அதாவது 56 லிட்டர். அடியில் போட்ட கூழாங்கல்லையும் மேலே விட்ட காலி இடத்தையும் கழித்தால் 50 லிட்டர்கூடத் தேறாது. ஒரு மீனுக்கு எட்டு லிட்டர்.

முதல் வாரம் தொட்டியைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் கூட்டம். இரண்டாவது வாரம் தண்ணீர் கஞ்சித் தண்ணி போல வெளுத்தது. மகன் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் போர் தண்ணீரைப் புதிதாக நிரப்பினான். மறுபடியும் வெளுத்தது. ஆறில் சிறியதற்கு வால் பாதியைக் காணவில்லை, நாலு நாளில் அது செத்தது. மீன் ஒன்றையொன்று கடிப்பதைப் பார்த்து, "பிரானா இல்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்று வீட்டில் பெருமையாகவே பேசிக்கொண்டார்கள்.

ஆவணியில் ஒரு நாள் இரவு மின்சாரம் போனது. விடியும்போதுதான் வந்தது. காலையில் இரண்டு மீன் மிதந்துகொண்டிருந்தன. மிச்சம் மூன்றும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

என்ன நடந்தது?

தண்ணீர் வெளுத்ததற்கும், வால் போனதற்கும், ஒரே ராத்திரியில் இரண்டு மீன் செத்ததற்கும் காரணம் ஒன்றே. இடம் போதவில்லை.

மீன் தின்பதில் ஒரு பகுதி அம்மோனியாவாக செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. சிறுநீர் நாறும் மாட்டுக்கொட்டகையில் கண் எரிகிறதே, அதே அம்மோனியாதான். குளத்தில் இதைத் தின்று மாற்றுகிற நுண்ணுயிர்கள் சேற்றிலும் கல்லிலும் நிறைந்திருக்கும். புதுத் தொட்டியின் ஃபில்டரில் அவை குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் ஆறு மீனையும் ஒன்றாக விட்டு, ஆசையாக மூன்று வேளை தீனி போட்டால், நாற்றங்காலில் மூட்டை யூரியாவைக் கொட்டிய கதைதான். மொத்தத் தண்ணீரையும் மாற்றுவது நல்லது செய்வதாகத் தோன்றும். அப்போதுதான் உருவாகத் தொடங்கிய நுண்ணுயிர்களும் அதோடு குலைந்துபோகும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுவதே முறை.

அடுத்தது மூச்சு. தண்ணீர் சூடாக இருந்தால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைவது சுமார் ஏழரை மில்லிகிராம். ஐம்பது லிட்டரில் கணக்கிட்டால் 375 மில்லிகிராம், அரை கிராம்கூட இல்லை. ஐந்து மீனுக்கும், கழிவைத் தின்னும் நுண்ணுயிருக்கும் இரவு முழுக்க அதுதான் கையிருப்பு. காற்று மோட்டார் ஓடுகிறவரை தெரியாது. மோட்டார் நின்றால் விடியற்காலையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது எடை. இரண்டு அங்குல மீன் எட்டு அங்குலம் ஆகும்போது நீளம் நாலு மடங்குதான். ஆனால் அகலமும் கனமும் சேர்ந்து வளர்வதால் எடை 64 மடங்கு ஆகிறது. ஆடியில் போதுமான தொட்டி கார்த்திகையில் போதாமல் போவது இதனால்தான்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பண்ணைக்குட்டையை எடுத்துக்கொள்ளலாம். கட்லா, ரோகு, மிர்கால் விடும்போது ஹெக்டேருக்கு 5,000 குஞ்சு என்ற அளவு பல இடங்களில் பின்பற்றப்படுகிறது. 10 சென்ட் குட்டைக்கு 200 குஞ்சு. கரைச் சரிவைக் கழித்து அந்தக் குட்டையில் நாலரை லட்சம் லிட்டர் நிற்கிறது என்று வைத்தால், ஒரு மீனுக்கு 2,250 லிட்டர். ஃபில்டரும் மோட்டாரும் இல்லாமல் ஒரு கிலோ மீனை வளர்க்க இயற்கை கேட்கும் இடம் அது. ஃபில்டர் போட்டால் இந்த அளவைக் குறைக்கலாம். எட்டு லிட்டருக்குக் குறைக்க முடியாது.

ஆயா பார்த்த பல்

செத்த இரண்டு மீனையும் எருக்குழியில் போட எடுத்துக்கொண்டு போனவர் வீட்டின் ஆயா. எழுபது வயதுக்குமேல் ஆனவர், ஏரி மீனை அரிவாள்மனையில் ஆய்ந்தே பழகிய கை. ஒரு மீனின் வாயை விரலால் விரித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, மனுசன் பல்லாட்டம் இருக்குது? கடிக்கிற மீன்னு சொன்னியே."

மகன் செல்போனில் படம் எடுத்து, மீன்வளம் படித்தவர்களிடம் காட்டினான். பதில் வந்தது. அது பிரானா இல்லை. சிவப்பு வயிற்றுப் பாக்கு. ஆந்திராவில் ரூப்சந்த் என்ற பெயரில் ஏராளமாக வளர்த்து விற்கும் சாப்பாட்டு மீன்.

இந்தக் குழப்பம் அந்த வீட்டோடு நிற்கவில்லை. கேரளத்தில் இதே பாக்கு மீனை "நட்டர்" என்று விற்கிறார்கள். அந்தப் பெயரே அசல் சிவப்பு வயிற்றுப் பிரானாவின் அறிவியல் பெயரான பைகோசென்ட்ரஸ் நட்டரெரியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டும் தென்னமெரிக்க ஆறுகளின் மீன்கள், தூரத்து உறவு. குஞ்சாக இருக்கும்போது இரண்டுக்கும் வெள்ளி உடம்பும் சிவப்பு வயிறும் இருப்பதால் பார்வைக்குப் பிடிபடாது. வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரானாவுக்கு ரம்பம் போல முக்கோணப் பற்கள், மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும், கீழ்த்தாடை முன்னே துருத்தியிருக்கும். பாக்குவுக்கு நம் கடைவாய்ப்பல் போல சதுரமாக, தட்டையாக இருக்கும். வெள்ளக்காலத்தில் காட்டுக்குள் ஏறும் ஆற்றுநீரில் நின்று, மரத்திலிருந்து விழும் பழத்தையும் கொட்டையையும் உடைத்துத் தின்பதற்கான பல் அது.

தொட்டிக் கணக்கை இந்த ஒரு விஷயம் அடியோடு மாற்றிவிடுகிறது. அசல் பிரானா பெரும்பாலும் 25 முதல் 30 சென்டிமீட்டரில், அதாவது ஓரடிக்குள் நிற்கும். பாக்கு ஒன்றரை அடியைச் சாதாரணமாகத் தொடும், அதற்கு மேலும் வளரும். குட்டையில் நல்ல தீனி கிடைத்தால் ஓராண்டிலேயே ஒரு கிலோவை எட்டும். எனவே "எவ்வளவு பெரிய தொட்டி?" என்பதற்கு முன்பு "எந்த மீன்?" என்ற கேள்விக்கு விடை தெரிய வேண்டும். விற்பவர் சொன்ன பெயரை மட்டும் நம்பித் தொட்டி செய்வது, பையின் மேல் எழுதியிருக்கும் ரகத்தை நம்பி முளைப்புத்திறன் பார்க்காமல் விதைப்பது போன்றது.

அசல் பிரானாவாக இருந்தால்

பிரானாவைப் பற்றிய பயத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் ஒருவர் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். 1913-14-ல் பிரேசில் காடுகளில் பயணம் செய்து, 1914-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த மீனை உலகின் மிகக் கொடூரமான மீனாக வர்ணித்தார். கூட்டமாக வந்து வேட்டையாடும் என்பது அன்றிலிருந்து பலரும் நம்பும் கதை.

ஹெல்டர் கெய்ரோஸ், ஆன் மகுரன் என்ற இரு ஆய்வாளர்கள் அமேசான் பகுதியில் இந்த மீனை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. கூட்டம் சேர்வது பயத்தால். முதலை இன மீன்தின்னிகள், ஆற்று டால்பின்கள், நீர்க்காகங்கள் எல்லாம் பிரானாவைத் தின்னும். இனப்பெருக்கத்துக்குத் தயாரான பெரிய மீன்கள் கூட்டத்தின் நடுவிலும் இளம் மீன்கள் ஓரத்திலும் நிற்கின்றன. இரண்டே மீனாக வைத்தபோது செவுள் வேகமாக அடித்துக்கொண்டது, எட்டாக வைத்தபோது மூச்சு நிதானமானது.

தொட்டி அளவுக்கு இதிலிருந்து இரண்டு பாடம். இரண்டு மூன்று பிரானாவை வைத்தால் பயந்து சாகும், அல்லது வலியது எளியதைத் தின்னும். வைத்தால் ஐந்து, ஆறாவது வேண்டும். அத்தனையையும் நெருக்கி வைத்தால் ஒதுங்க இடமில்லாமல் வாலும் துடுப்பும் போகும். கூட்டமும் வேண்டும், இடமும் வேண்டும்.

வளர்ந்த பிரானா ஒன்றுக்கு 75 லிட்டர் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு. இதைத் தொட்டியின் வெளி அளவோடு நேரடியாக வகுக்கக் கூடாது. கல், ஃபில்டர், மேல் காலியிடம் என்று 15 சதவிகிதம் கழித்த பிறகே வகுக்க வேண்டும்.

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி 453 லிட்டர். கழித்தால் 385. ஐந்து மீன்.

ஐந்தடி நீளம், மற்ற இரண்டும் இரண்டடி என்றால் 566 லிட்டர். கழித்தால் 480. ஆறு மீன்.

ஆறடி நீளம் என்றால் 680 லிட்டர். கழித்தால் 578. ஏழு மீன்.

ஒரே கொள்ளளவு வந்தாலும் உயரமான தொட்டியைவிட நீளமான, அகலமான தொட்டியே நல்லது. மீன் நீளவாக்கில் நீந்துகிறது, காற்று நீரின் மேல்பரப்பு வழியே இறங்குகிறது. ஓரடி மீன் திரும்ப அகலம் இரண்டடியாவது இருக்க வேண்டும். ஏர் பூட்டிய மாட்டுக்குத் தலைமாடு விடுவது போலத்தான்.

எடையையும் மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்தடித் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் அரை டன், ஐந்து நெல் மூட்டைக்கு மேல். டி.வி. மேசை தாங்காது. 10 முதல் 12 மில்லிமீட்டர் கண்ணாடி, இரும்புச் சட்டம், சமதளத் தரை, மேலே கனமான மூடி, மின்சாரம் போனால் ஓட பேட்டரி மோட்டார். இத்தனைக்கும் பணமும் இடமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு மீனைப் பற்றி யோசிக்கலாம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், ஓரடி வளர்ந்த பிரானா தொட்டிக்குள் கை விடுவது யார் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

ஏரியில் விடலாமா?

மயிலம் பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்த மூன்று மீன் புரட்டாசிக்குள் உள்ளங்கை அளவு வந்துவிட்டன. பாக்கு என்று தெரிந்த பிறகு அந்த இரண்டடித் தொட்டி கேலிப்பொருளாகிவிட்டது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் வாங்கமாட்டேன் என்றார்கள்.

அப்பா ஒரு வழி சொன்னார். "காலையில எடுத்துக்கினு போயி ஏரில உட்டுட்டு வந்துடு. அதுவும் பொழைச்சிக்கும், நமக்கும் ரோதனை உட்டுது."

ஆயா விடவில்லை. "ஏரி இன்னா உங்கப்பன் வூட்டுதா? ஊரே சேந்து மீன் ஏலம் உடுது. எந்த ஊரு மீனோ, இன்னா திங்குமோ, அதைக் கொண்டாந்து அதுல உட சொல்றியே."

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஊர்ப்புறம் எழுபது ஆண்டாகக் கண்ட அனுபவம் இருக்கிறது. ஜிலேபி என்று நாம் சொல்லும் திலேப்பியா 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. புரதத்துக்காக, நல்ல எண்ணத்தில்தான். இன்று ஜிலேபி இல்லாத ஏரியைத் தேட வேண்டும். கூட்டமாக முட்டையிட்டு, வாயிலேயே குஞ்சைக் காத்து, நாட்டுக்கெண்டைக்கும் கெளுத்திக்கும் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு தடை செய்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது, இன்னும் குட்டைகளிலிருந்து அது ஒழிந்தபாடில்லை. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக வாங்கும் "டேங்க் கிளீனர்" மீன், வளர்ந்ததும் ஏரியில் விடப்பட்டு, இன்று மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வங்கதேசம் 2008-ல் பிரானா வளர்ப்பையும் விற்பனையையும் தடை செய்ததற்கும் இந்தப் பயம்தான் காரணம்.

ஒரே ஒரு வீட்டு மூன்று மீன் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். விழுப்புரம் மாவட்டத்து ஏரிகள் தனித்தனித் தொட்டிகள் இல்லை. ஒன்றின் கலங்கல் தண்ணீர் அடுத்ததற்கு ஓடுகிறது. கிழக்கே போகும் ஓடைகள் கழுவெளியில் சேர்கின்றன. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த அந்தச் சதுப்பு நிலம் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வரும் பறவைகளும், அதைச் சுற்றியிருக்கும் மீனவர்களும் நம்பியிருப்பது நாட்டு மீனை. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு அரபைமா, அலிகேட்டர் கார் போன்ற அயல்நாட்டு மீன்கள் ஆற்றில் வலையில் சிக்கின. யாரோ ஒருவர் குட்டையிலும் தொட்டியிலும் வைத்திருந்தவைதான் அவை.

பம்ப் செட் தொட்டி

கடைசியில் வழி கிடைத்தது பம்ப் செட் பக்கத்தில். பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி உயரத்தில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று, பாதி பாசி பிடித்துக் கிடந்தது. இரண்டரை அடி தண்ணீர் நிறுத்தினால் 4,245 லிட்டர். மூன்று மீனுக்கு ஆளுக்கு 1,400 லிட்டர். பழைய தொட்டி என்பதால் சுண்ணாம்புக் காரம் போக்கும் வேலை இல்லை. புதுத் தொட்டியாக இருந்தால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, பல முறை தண்ணீர் மாற்றிக் கழுவிய பிறகே மீன் விட வேண்டும்.

மகனும் அப்பாவும் சேர்ந்து மூன்று வேலை செய்தார்கள். தென்னை மட்டை நிழல் போட்டார்கள். தொட்டியின் மேல் முழுக்க நைலான் வலையைக் கட்டி நாலு பக்கமும் கல் வைத்தார்கள். நிரம்பி வழியும் குழாயின் வாயில் கொசுவலைக் கம்பியை இரண்டு மடிப்பாகக் கட்டி, அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் தென்னம்பாத்திக்குப் போகும்படி திருப்பினார்கள். மீன் கழிவு கலந்த தண்ணீர் தென்னைக்கு எருவானது. தீனிக்குத் தவிடு, கடலைப் பிண்ணாக்கு, விழுந்த கொய்யா, பப்பாளி.

அந்த வலையும் கம்பியும் எதற்கு என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதில் பாதியைப் போல ஒரே நாளில். வீடூர் அணையின் உபரி நீர் சங்கராபரணியில் கரைபுரண்டது. வயலுக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பம்ப் செட் தொட்டி நிரம்பி நாலு பக்கமும் வழிந்தது. வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது, நெற்பயிர் சாய்ந்து மணல் மூடிக் கிடந்தது. மல்லாட்டைக்கு உழுது வைத்த நிலம் அரித்துப் போயிருந்தது. வலைக்கு அடியில் மூன்று மீனும் இருந்தன.

பயிர் போன வருத்தத்தில் அந்த மூன்று மீனைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. ஆனால் அன்றைய வெள்ளத்தில் அவை ஏரியில் இருந்திருந்தால் எத்தனை ஊர் தாண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், பத்தடி வலையும் ஒரு முழம் கம்பியும் என்ன வேலை செய்தன என்பது புரியும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இது என்ன மீன், வளர்ந்தால் எவ்வளவு நீளம்? தனியாக வாழுமா, கூட்டமாகவா? அந்தக் கூட்டம் முழுதும் வளர்ந்த பிறகு எத்தனை லிட்டர் வேண்டும்? ஐந்தாறு மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் என்ன ஏற்பாடு? வேண்டாம் என்றால் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகே பையில் மீன் போடச் சொல்லலாம். சின்னத் தொட்டிதான் வைக்க முடியும் என்றால் அதற்கேற்ற மீன் இருக்கிறது. கப்பி, மோலி, பிளாட்டி போன்றவை இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும், ஐம்பது லிட்டரில் பிள்ளைகள் பார்த்து மகிழ அவை போதும்.

ஏற்கெனவே வாங்கி வளர்ந்துவிட்டால், ஏரி, குளம், கிணறு, வாய்க்கால், பண்ணைக்குட்டை எதிலும் விடக் கூடாது. பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுக்கலாம். சாப்பாட்டு மீன் என்றால் சாப்பிடலாம். எந்த அயல்நாட்டு மீனையும் குட்டையில் வளர்க்க நினைப்பவர்கள், குஞ்சு வாங்கும் முன்பே மாவட்ட மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்வது அவசியம். குட்டை அமைப்பது பற்றிய ஆலோசனைக்குத் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

மறு வருஷம் ஆனியில் அந்த மூன்றில் ஒன்றை ஆயா பிடித்து எடை போட்டார். முக்கால் கிலோவுக்கு மேல் இருந்தது. புளி கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள், மகனைத் தவிர. அவன் பம்ப் செட்டுக்குப் போய் மிச்சம் இரண்டுக்கும் பிண்ணாக்கு போட்டுவிட்டு வந்தான்.